பத்துக்கு ஏறினால் பத்துக்கு

கியூர்பிப் ஸ்டாண்டில் மழை.
வழக்கம்தான். இந்த ஊரில்
மழை இல்லாத நாளைப் பற்றித்தான் ஆட்கள் பேசிக்கொள்வார்கள்.
ஏழு பத்து வண்டி. இன்னும் நேரம் இருக்கிறது.
டிக்கெட் மெஷினை மடியில் சாய்த்துக்கொண்டு
கைபேசியில் தேடுகிறேன்:
ஹெல்சின்கியிலிருந்து ஸ்டாக்ஹோம் எவ்வளவு தூரம்?

நானூறு கிலோமீட்டர், முன்னே பின்னே.
பறக்கும் நேரம் ஒரு மணி.

ஒரு மணி என்றால் எனக்குத் தெரியும்.
இங்கிருந்து போர்ட் லூயிக்கு
என் வண்டி எடுத்துக்கொள்வது அதுதான்,
ஃபீனிக்ஸில் லாரி எதுவும் குறுக்கே நிற்காவிட்டால்.
ரோஸ் ஹில்லில் கொத்தமல்லிக் கட்டோடு மேரி-லின் ஏறுவாள்.
போ பாசெனில் ரங்கப்பா,
அறுபது முடிந்த இலவச அட்டையை
பந்தயத்தில் ஜெயித்த கோப்பை மாதிரி நீட்டுவார்.
கொரமண்டேல் இறக்கத்தில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.
அவ்வளவுதான் ஒரு மணி.

பெரியவன் வேலாயுதன் ஸ்டாக்ஹோமில்,
ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளைப் பழுதுபார்க்கிறான்.
கதிரேசன் ஹெல்சின்கியில்,
கப்பல் கம்பெனியில் கணக்கு.
எனக்கும் அவர்களுக்கும் நடுவே
ஒரு முழு ராத்திரி, இரண்டு விமானம்.
அவர்களுக்குள்ளே என் வண்டியின் ஒரு நடை.
நாலு வருஷமாய்
ஒருவன் வாசலை இன்னொருவன் மிதிக்கவில்லை.

இன்னொன்றும் போட்டிருந்தது.
ஹெல்சின்கி கடிகாரம் ஒரு மணி முந்தி ஓடுகிறதாம்.
அங்கே பத்துக்கு ஏறினால்
ஸ்டாக்ஹோமில் பத்துக்கே இறங்கலாம்.
இரண்டு தடவை படித்தேன்.
முப்பத்தொரு வருஷக் கண்டக்டர் வேலையில்
ஏறிய மணிக்கே யாரையும் இறக்கிவிட்டதில்லை நான்.
லேட்டு என்று ஒருத்தனை
யாரும் சொல்ல முடியாத ரூட்டு.
அதில்தான் என் பிள்ளைகள் ஏறமாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் அம்மா போனது ஜனவரியில்.
பாரிஸில் பனி, கதிரேசனுக்கு அடுத்த விமானம் தவறிவிட்டது.
காலை ஆறரைக்கு ப்ளேசான்ஸில் இறங்கிடுவேன்,
அதுவரைக்கும் வைங்க என்று செய்தி.
ரேடியோவில் புயல் எச்சரிக்கை, இரண்டாம் வகுப்பு.
பந்தலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஐயர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னை.
வேலாயுதன் சொன்னான், தம்பி வரட்டும்.
சுடுகாட்டில், கொள்ளியைக் கையில் வாங்கிய பிறகும் சொன்னான்.

ஓடிவருகிறவன் கண்ணில் படும்போது
ஒருநாளும் மணி அடித்ததில்லை நான்.
பள்ளிக்கூடப் பிள்ளையோ, குடித்தவனோ,
சில்லறை இல்லாதவனோ, நின்றிருக்கிறேன்.
அன்றைக்கு அடித்தேன்.
ம், ஆகட்டும் என்றேன்.

புயல் திசை மாறிப் போய்விட்டது.
அவன் சொன்ன நேரத்துக்கே வந்தான். ஆறரை.
கனத்த கோட்டு, வியர்வை,
கையில் அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பளிக் காலுறை.
யார் கை நெருப்பு வைத்ததோ
அந்தக் கையைத்தான் பார்த்தான்.
பெரியவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.
டீ போடப் போனேன் என்று நினைக்கிறேன்.

நேற்று ராத்திரி கதிரேசனுக்குக் குரல் செய்தி.
மூன்றை அழித்துவிட்டு நாலாவது:
அண்ணன் இருக்கலாம்னுதான் சொன்னான். நான்தான்டா.
ஆறு விநாடி.
கேட்டுவிட்டான், நீலமாகியிருக்கிறது.
பதில் இல்லை.
அங்கே இப்போது ஐந்து மணி. தூங்குவான்.
தூங்காமலும் இருப்பான்.

ஏழு பத்து ஆகிவிட்டது.
ஜான்-நோயல் கண்ணாடியில் என்னைத் தேடுகிறான்.
அலே?
இரு என்கிறேன்.
ஸ்டாண்டில் யாரும் ஓடிவரவில்லை. மழைதான்.
வைப்பரை ஒரு தடவை ஆட்டி நிறுத்துகிறான்.
இன்னும் ஒரு நிமிஷம்.